நேபாளம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அப்புறம் ஏன் "குட்டி நாடு" என்கிறோம்?

மேற்குமாம்பலம்77 (இழையைத் தொடங்கியவர்)

தொலைக்காட்சி விவாதங்களில் நேபாளம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் "அந்தக் குட்டி நாடு" என்று ஆரம்பித்துவிடுகிறார். நேபாளத்தின் பரப்பளவு ஏறக்குறைய 1,47,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,000. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை 2.9 கோடி. ஆஸ்திரேலியாவில்கூட அத்தனை பேர் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவை யாரும் குட்டி நாடு என்று சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் சிங்கப்பூரைப் பாருங்கள். சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையைப் போல இரண்டு மடங்குகூட வராது. ஆனால் உலகத்தில் அதற்கு இருக்கிற மரியாதையும் செல்வாக்கும் தெரிந்ததே.

என் கட்சி இது: வெளியுறவில் பரப்பளவுக்கு நாம் கொடுக்கிற இடம் ரொம்ப அதிகம். ஒரு நாட்டிலிருந்து வெளியே போக எத்தனை வழி இருக்கிறது, அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கால்வாசி. மறுப்பவர்கள் வாருங்கள்.

---

பழையபேப்பர்

மறுக்கவில்லை. ஆனால் "குட்டி" என்பது சதுர கிலோமீட்டர் கணக்கு இல்லை, பக்கத்தில் யார் நிற்கிறார் என்ற கணக்கு. வடக்கே சீனா, மற்ற மூன்று பக்கமும் இந்தியா. நேபாளத்தை ஒன்றாக்கிய மன்னர் பிருத்வி நாராயண ஷா 18-ஆம் நூற்றாண்டிலேயே தன் ராஜ்யத்தை இரண்டு பாறைகளுக்கு நடுவே கிடக்கிற கிழங்கு என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் காத்மாண்டுவில் வெளியுறவு பற்றி யார் பேசினாலும் அந்தக் கிழங்கு வந்துவிடும்.

ஒரு திருத்தம் மட்டும். வரைபடத்தில் இரண்டு பாறையும் ஒன்றுபோலத் தெரியும், தரையில் அப்படி இல்லை. தெற்கே 1,700 கிலோமீட்டருக்கு மேல் திறந்த எல்லை. விசா கிடையாது, பல இடங்களில் வயல் வரப்பைத் தாண்டினால் அடுத்த நாடு. வடக்கே இமயமலை, அதில் லாரி போகக்கூடிய கணவாய்கள் ஒன்றிரண்டு. சமதூரம் என்று மேடையில் பேசலாம். வெங்காயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது வேறு விஷயம்.

---

துறைமுகத்தான்

நான் கொல்கத்தாவிலும் அப்புறம் விசாகப்பட்டினத்திலும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் இருந்தவன். "வழி யார் கையில்" என்பது தினசரி வேலையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

காத்மாண்டுவில் ஒரு வியாபாரி துபாயிலிருந்து ஒரு கன்டெய்னர் வரவழைக்கிறார். அது கொல்கத்தாவிலோ ஹால்தியாவிலோ இறங்கும். பிற்பாடு விசாகப்பட்டினமும் சேர்ந்தது. சரக்கு இந்தியாவுக்கானது இல்லை. ஆனாலும் இந்தியச் சுங்கத்துறையின் கை படாமல் போகாது. பழைய முறையில் சி.டி.டி. என்று ஒரு படிவம், அதற்குப் பல பிரதிகள். ஒன்று துறைமுகத்தில் தங்கும், ஒன்று சரக்கோடு பீகாரின் ரக்சால் எல்லைக்குப் போகும். அங்கே சீலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிரதி திரும்பி வந்தால்தான் அந்தக் கணக்கு முடியும். வழியில் இந்தியாவிலேயே சரக்கு இறங்கி விலைபோய்விடுமோ என்ற சந்தேகத்தில், இந்திய வரி எவ்வளவு வருமோ அவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸும் எடுத்துக் காட்ட வேண்டும். பில்லில் ஒரு எண், படிவத்தில் வேறு எண் என்று இருந்தால் போச்சு, பெட்டி அப்படியே நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் துறைமுகத்துக்கு டெமரேஜ், கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம். எல்லாம் டாலரில் ஏறும், கடைசியில் காத்மாண்டு கடையில் ஒரு மிக்ஸி வாங்குகிற ஆள் தலையில் விழும்.

இப்போது மின்னணுப் பூட்டு வந்துவிட்டது. பெட்டி எங்கே போகிறது என்று திரையிலேயே தெரியும். ரயிலில் ஏற்றினால் நேராக நேபாளத்தின் பீர்கஞ்ச் பக்கத்திலுள்ள சிர்சியா உலர் துறைமுகத்தில் இறங்கும். நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் கொல்கத்தாவிலிருந்து எல்லை வரை சுமார் 700 கிலோமீட்டரும் இன்னொருவர் தண்டவாளம், இன்னொருவர் சட்டம்.

---

ஆறாவது_அட்டெம்ப்ட்

சட்டப்படி பார்த்தால் இது தயவு இல்லை, உரிமை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125-வது பிரிவு, கடற்கரை இல்லாத நாடுகளுக்குக் கடலுக்குப் போய்வரும் உரிமையும் அதற்கான போக்குவரத்துச் சுதந்திரமும் உண்டு என்கிறது. உலகத்தில் இப்படி 44 நாடுகள் இருக்கின்றன.

---

துறைமுகத்தான்

தம்பி, அதே பிரிவை இன்னும் ரெண்டு வரி கீழே படியுங்கள். எப்படி, எந்த நிபந்தனையில் என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்று இருக்கும். வழிவிடுகிற நாடு தன் நலனைக் காத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கும். உரிமை ஐ.நா. புத்தகத்தில் இருக்கும், சாவி எல்லைச் சாவடியில் இருக்கும்.

1989-ல் நடந்ததைப் பாருங்கள். நேபாளம் சீனாவிடமிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கி உள்பட ஆயுதம் வாங்கியதில் டெல்லிக்குக் கோபம். வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாகும் நேரம் வேறு. மார்ச் 23-ஆம் தேதி அவை முடிந்தன, புதுப்பிக்கப்படவில்லை. 15 வழிகள் இருந்த இடத்தில் ரக்சால், ஜோக்பனி இரண்டு மட்டும் திறந்திருந்தன. ஒரு துப்பாக்கிக் குண்டு கிடையாது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, விறகுக்காக மரம் வெட்டு. மறு வருஷம் மக்கள் இயக்கம் வெடித்து மன்னரின் கட்சியில்லா பஞ்சாயத்து ஆட்சி முடிவுக்கு வந்தது. அதற்கு உள்நாட்டுக் காரணங்கள் நிறைய உண்டு, ஆனால் காலி அடுப்புக்கும் அதில் பங்கு இருந்தது. புது அரசு வந்த பிறகுதான் 1990 ஜூலையில் வழிகள் பழையபடி திறந்தன.

---

சுள்ளான்

ஆரம்பித்துவிட்டார்கள். இந்தியா வில்லன், அவ்வளவுதானே? 2015-ல் எல்லையில் உட்கார்ந்தது யார்? நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகள். புது அரசியல் சட்டத்தில் தங்களுக்கு அநியாயம் என்று அவர்கள் நாட்டுக்காரர்களே போராடினார்கள். அதையும் டெல்லி கணக்கில் எழுதுவீர்கள்.

---

மேற்குமாம்பலம்77

சுள்ளான், நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. செப்டம்பர் 20-ல் அரசியல் சட்டம் வந்தது, பீர்கஞ்சுக்கும் ரக்சாலுக்கும் நடுவிலுள்ள பாலத்திலேயே போராட்டக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் மறிக்கவில்லை, பாதுகாப்பு இல்லாததால் லாரிகள் போகவில்லை என்றது இந்திய அரசு. போராட்டமே இல்லாத சாவடிகளிலும் எண்ணெய் லாரிகள் ஏன் தேங்கின என்று கேட்டது நேபாளம். யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. யார் மறித்தாலும் ஒரு பாலத்தை மறித்தால் நாட்டுக்கே மூச்சு முட்டுகிறது. காத்மாண்டுவில் சமையல் எரிவாயு சிலிண்டரைப் பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் செத்திருந்த நாடு அது. தகரக் கொட்டகையில் குளிர்காலம், அடுப்புக்கு எரிவாயு இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. 2016 பிப்ரவரி வரைக்கும் இழுத்தது.

சரி, வடக்குப் பக்கம் போகலாமே என்றால், தாதோபானி வழி நிலநடுக்கத்தில் அடைபட்டுக் கிடந்தது. அது மறுபடி திறக்க 2019 ஆனது. கேருங் வழியாகச் சீனா 1,000 டன் பெட்ரோல் இலவசமாகக் கொடுத்தது. நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு நாட்டின் வண்டிகள் அதை வைத்து எத்தனை நாள் ஓடும்?

---

பழையபேப்பர்

அந்தக் கோபத்தில்தான் அப்போதைய நேபாளப் பிரதமர் கே.பி. ஒலி 2016 மார்ச்சில் பெய்ஜிங் போய்ப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார். 2019-ல் விதிமுறைகளும் முடிவாயின. தியான்ஜின், ஷென்ஜென், லியான்யுன்காங், ஜான்ஜியாங் என்று நாலு சீனத் துறைமுகங்கள் நேபாளத்துக்குத் திறந்தன, காகிதத்தில். தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கு மேல். திபெத் மேட்டுநிலத்தைத் தாண்டி வர வேண்டும்.

அதே 2019 செப்டம்பரில் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் பெட்ரோலியக் குழாயை இரு பிரதமர்களும் காணொளியில் திறந்துவைத்தார்கள். திறந்துவைத்த நேபாளப் பிரதமர் அதே ஒலிதான்! தேர்தல் மேடையில் தியான்ஜின், பெட்ரோல் பங்கில் மோதிஹாரி. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் இரண்டையும்தான் செய்வார்கள். வடக்கு வழியில் ஒரு பெட்டிகூடப் போகாவிட்டாலும், அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டெல்லியில் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

---

ஜுரோங்கிலிருந்து

சிங்கப்பூரை உதாரணம் காட்டியதால் உள்ளே வருகிறேன். இங்கே வந்து ரொம்ப வருஷம். வழி நிறைய இருப்பதால் சிங்கப்பூர் நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தால் தப்பு.

கடல் திறந்து கிடக்கிறது, மலாக்கா நீரிணையின் வாசலில் இருக்கிறோம், எல்லாம் சரி. குடிக்கத் தண்ணீர்? 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம், 2061 வரைக்கும். விலை 1,000 காலனுக்கு 3 மலேசிய சென். இந்த விலை அநியாயம் என்று மலேசியத் தலைவர்கள் அவ்வப்போது குரல் எழுப்புவார்கள். குழாயைத் திருகிவிடுவோம் என்ற பேச்சும் ஒரு காலத்தில் வந்ததுண்டு. 1965-ல் பிரிந்தபோது தண்ணீர் ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, அதை ஐ.நா.வில் பதிவும் செய்துவைத்தார்கள். குட்டி நாட்டுக்குச் சட்டப் புத்தகத்தின் மேல் இருக்கிற பக்தி இப்படி வருவதுதான். கடல் சட்ட மாநாட்டுக்குக் கடைசிக் கட்டத்தில் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் டாமி கோ. ஐ.நா.வில் சிறு நாடுகளின் மன்றத்தை 1992-ல் தொடங்கியதும் சிங்கப்பூர்தான்.

ஆனால் புத்தகத்தை மட்டும் நம்பவில்லை. 2003-லிருந்து கழிவுநீரைச் சுத்தப்படுத்தி 'நியூவாட்டர்' என்று கொடுக்கிறார்கள், 2005-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். மின்சாரச் செலவு ஜாஸ்தி. ஜொகூர் தண்ணீரோடு விலையில் போட்டி போடவே முடியாது. ஆனாலும் கட்டுகிறார்கள். 2061-ல் பேச்சுவார்த்தை மேஜையில் உட்காரும்போது தாகத்தோடு உட்காரக் கூடாது இல்லையா.

அப்புறம் மணல். கடலைத் தூர்த்துத்தான் இங்கே நிலம் வளர்கிறது, 1965-ல் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்தது. 1997-ல் மலேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியது, 2007-ல் இந்தோனேசியா நிறுத்தியது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது எங்கள் பக்கத்து ஈரச்சந்தையில் கோழிக்கடைக்காரர் பாதி மேஜையைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார். உறைந்த கோழி பிரேசிலிலிருந்து வந்தது. சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

நேபாளத்துக்கும் சிங்கப்பூருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, இந்த இழைக்குப் பொருத்தமானது. சிங்கப்பூர்க் காவல்துறையில் 1949-லிருந்து கூர்க்கா படைப்பிரிவு இருக்கிறது, ஆட்கள் நேபாளத்திலிருந்து. 2018-ல் டிரம்ப்பும் கிம்மும் இங்கே சந்தித்தபோது பாதுகாப்பில் அவர்கள் நின்றார்கள். பல இனங்கள் வாழும் சின்னத் தீவில் எந்த இனத்தையும் சேராத காவலர் தேவை என்ற கணக்கு இது. பணிக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு நேபாளம் திரும்பிவிட வேண்டும். கடல் இல்லாத நாடு ஆளை அனுப்புகிறது, ஆள் இல்லாத நாடு கடலை வைத்துச் சம்பாதிக்கிறது.

---

சுள்ளான்

இது நல்ல பதிவு. சரி, அப்படியானால் சுவிட்சர்லாந்து? 41,000 சதுர கிலோமீட்டர், கடல் கிடையாது, சுற்றிலும் பெரிய நாடுகள். அவர்கள் மட்டும் எப்படி ஜம்மென்று இருக்கிறார்கள்?

---

ஆறாவது_அட்டெம்ப்ட்

இது எனக்குத் தெரியும். பாசல் நகரிலிருந்து ரைன் நதியில் சரக்குப் படகு நேராக வடகடலுக்குப் போகும். 1868 மான்ஹைம் உடன்படிக்கைப்படி ரைன் போக்குவரத்துக்குச் சுதந்திரம். அது போக ஐந்து அண்டை நாடுகள். ஜெர்மனி முறைத்தால் பிரான்ஸ், பிரான்ஸ் முறைத்தால் இத்தாலி. ஒருவர் கதவைச் சாத்தினால் அடுத்தவருக்கு வியாபாரம்.

---

மேற்குமாம்பலம்77

எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1942 நவம்பரில் ஜெர்மனி பிரான்ஸின் தெற்குப் பகுதியையும் பிடித்த பிறகு சுவிட்சர்லாந்தின் எல்லாப் பக்கமும் ஒரே கூட்டணி. அதே மலை, அதே நாடு, ஆனால் அண்டை நாடு ஐந்திலிருந்து ஒன்றாகிவிட்டது. நிலக்கரி ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும். பதிலுக்கு அவர்கள் கையில் இருந்தது கோட்ஹார்ட் சுரங்கப்பாதை. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே சரக்கு ரயில் அது வழியாகத்தான் ஓடியது. நிலக்கரியும் உணவும் வந்துகொண்டிருக்க ஜெர்மனியோடு அவர்கள் செய்த வியாபாரம் பற்றிப் பின்னாளில் பெரிய சங்கடமே ஏற்பட்டது. கொசுறு: கடலே இல்லாத அந்த நாடு 1941-ல் தன் கொடியில் வணிகக் கப்பல்களை ஓட விட்டது, மற்றவர்கள் கப்பலை நம்ப முடியாமல்.

ஆக, நேபாளத்தின் சிக்கல் கடல் இல்லாதது மட்டும் இல்லை. வழிவிடுகிற நாடு ஒன்றே ஒன்று என்பதுதான். கோட்ஹார்ட் மாதிரி, பக்கத்து நாட்டுக்கு அவசியமான எதையும் கையில் வைத்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

---

கரவெட்டியான்

வணக்கம் அண்ணைமார். தீவுக்காரன் ஒரு சொல்லுச் சொல்லலாமோ?

எங்களுக்குக் கடல் நாலு பக்கமும் இருக்கு. அதால ஆரும் பாலத்தை மறிச்சு எங்களை நெருக்கேலாது. ஆனா கொழும்புத் துறைமுகத்தில இறங்கி மாறிப் போற பெட்டியளில பெரும்பங்கு இந்தியாவுக்குப் போறது, இந்தியாவில இருந்து வாறது. பக்கத்து நாட்டில ஆழமான துறைமுகம் குறைவு எண்டதுதான் எங்கட வருமானம். இப்ப கேரளாவில விழிஞ்சம் 2025 மே மாதம் உத்தியோகபூர்வமாத் திறந்தாச்சு. இடம் எண்டது எப்பவும் நிலைச்ச சொத்து இல்லை, பக்கத்துக்காரன் என்ன கட்டுறான் எண்டதைப் பொறுத்து அதின்ர விலை ஏறும் இறங்கும்.

எங்கட அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல 99 வருசக் குத்தகைக்குச் சீனக் கொம்பனிக்குக் குடுத்தினம். 2022-ல டொலர் இல்லாமல் பெற்றோலுக்கு நாள்கணக்கில வரிசையில நிண்ட நேரம், கடனாயும் எரிபொருளாயும் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டொலர் உதவி செய்தது. அதே வருசம் ஆவணியில சீனாவின்ர யுவான் வாங் 5 எண்ட செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர, டெல்லிக்கு முகம் கறுத்துப் போச்சு. முதலில வரவைப் பிற்போடச் சொல்லிப்போட்டு, பிறகு விட்டவை. ரெண்டு பேரிட்டையும் கடன்பட்ட வீட்டில ரெண்டு பேரும் வந்து திண்ணையில இருப்பினம்.

---

நெறியாளர்

கட்சி அரசியலாகப் போன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றபடி தொடருங்கள்.

---

பழையபேப்பர்

பக்கத்து நாட்டுக்கு அவசியமானது எது என்ற கேள்விக்கு லெசோத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தென்னாப்பிரிக்கா, வேறு அண்டை நாடே கிடையாது. நேபாளத்துக்காவது வடக்கில் ஒரு மலைவழி உண்டு.

1986 ஜனவரி முதல் தேதி, நிறவெறி அரசு எல்லையை இறுக்கியது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்களுக்கு லெசோத்தோ அடைக்கலம் தருகிறது என்பது புகார். ஜனவரி 20-ல் ராணுவப் புரட்சி, பிரதமர் லெபுவா ஜொனாத்தன் வீட்டுக்குப் போனார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே வருஷம் அக்டோபரில் புது அரசு தென்னாப்பிரிக்காவோடு தண்ணீர் ஒப்பந்தம் போட்டது. மலையில் அணை கட்டி, சுரங்கம் வெட்டி, ஜோகன்னஸ்பர்க் பகுதிக்குத் தண்ணீர். 1998-லிருந்து ஓடுகிறது, லெசோத்தோவுக்கு அதற்குப் பணம் வருகிறது.

ஜுரோங் நண்பர் சொன்ன கதை இங்கே தலைகீழ். அங்கே தண்ணீர் பெரிய நாட்டிடம், இங்கே சின்ன நாட்டிடம். ஆனாலும் ஒப்பந்தம் எந்தச் சூழ்நிலையில் கையெழுத்தானது என்று பாருங்கள். அவசியமான பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு இரண்டாவது வாடிக்கையாளரும் வேண்டும்.

---

துறைமுகத்தான்

அதேதான் நேபாள மின்சாரத்திலும்.

2015 நெருக்கடிக்குப் பிறகு அங்கே மெல்ல ஒரு மாற்றம் நடந்தது. நீர்மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன, மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சத் தொடங்கியது. வரியைக் குறைத்ததும் மின்சாரக் கார்கள் குவிந்தன. இன்றைக்கு அங்கே இறக்குமதியாகும் புதுக் கார்களில் பாதிக்கும் மேல் மின்சார வண்டி, பெரும்பாலும் சீனாவில் செய்தது. பெட்ரோல் தெற்கிலிருந்துதானே வர வேண்டும், மின்சாரம் நம் ஆற்றிலேயே வருகிறதே என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்ட திட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி சிலிண்டரை வைத்துச் சமைத்தவர்களுக்கு இன்டக்ஷன் அடுப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கார்கள் வருகிற வழி எது? முக்கியமாக வடக்கே கேருங் வழியில் நேபாளப் பக்கம் இருக்கிற ரசுவாகடி. 2025 ஜூலை 8-ல் வெள்ளம் வந்து எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. உலர் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த புதுக் கார்களும் கன்டெய்னர்களும் ஆற்றோடு போயின. தெற்கு வழியை அரசியல் மறிக்கும், வடக்கு வழியை மலை மறிக்கும்.

மிஞ்சுகிற மின்சாரத்தை விற்க வேண்டுமே. வாங்கக்கூடிய பெரிய ஆள் இந்தியாதான். 2024 ஜனவரியில், பத்து வருஷத்தில் 10,000 மெகாவாட் வரை வாங்குவதாக ஒப்பந்தம் ஆனது. ஆனால் சீன முதலீடோ சீன ஒப்பந்ததாரரோ உள்ள நிலையத்து மின்சாரம் வேண்டாம் என்பது டெல்லியின் நிபந்தனை. காத்மாண்டுவில் இப்போது அணை கட்ட டெண்டர் விடும்போதே, யார் கட்டினால் பிறகு விற்க முடியும் என்று பார்த்துத்தான் விடுகிறார்கள்.

---

ஆறாவது_அட்டெம்ப்ட்

பங்களாதேஷுக்கு விற்கிறார்களே? அது இரண்டாவது வாடிக்கையாளர்தானே?

---

துறைமுகத்தான்

ஆமாம். 2024 நவம்பரில் முதல்முறை அனுப்பினார்கள், 40 மெகாவாட். முத்தரப்பு ஒப்பந்தம், மூன்றாவது கையெழுத்து இந்தியாவுடையது. நேபாளத்துக்கும் பங்களாதேஷுக்கும் நடுவே சிலிகுரி பக்கம் இருக்கிற இந்திய நிலம் மிகக் குறுகிய பகுதி, வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துவிடும். மின்சாரம் அதையும் இந்தியக் கம்பியில்தான் தாண்ட வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. 40 மெகாவாட் என்பது ரொம்பச் சின்ன அளவுதான். ஆனால் 40 ஆனது 400 ஆகுமா என்பதைப் பொறுத்துத்தான் டெல்லியில் அடுத்த விலைப் பேச்சு எப்படிப் போகும் என்று இருக்கிறது. இதை மட்டும் தனி இழையாக யாராவது தொடங்கினால் நானும் வருகிறேன். இதுவே நீளமாகிவிட்டது.